மாறும் பருவமும் நம் ஏரிகளும்

தமிழ்நாட்டிலிருந்து புனேக்குப் படிக்க வரும் நண்பர்கள், வந்த சில வாரங்களில் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “இத்தனை பெரிய ஊருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? ஏரி ஒன்றையும் காணோமே!” என்பதே அக்கேள்வி. ஊருக்கு ஓர் ஏரி, ஏரிக்கு ஒரு கரை, கரைக்கு ஒரு காவல் தெய்வம் என்று பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. பாஷாண், காத்ரஜ் போன்ற சிற்றேரிகள் சில நகருக்குள் உண்டு. ஆனால் நகரம் உயிர் வாழ்வது அவற்றால் அன்று. புனேயைக் காக்கும் பெரிய ஏரிகள் மேற்கே சஹ்யாத்திரி மலையின் மடியில் இருக்கின்றன. அவை ஆறுகளின் குறுக்கே அணை கட்டித் தேக்கியவை. நம் ஊர் ஏரிகளும் கரை போட்டுத் தேக்கியவைதாமே! ஆகவே இரண்டையும் ஏரி என்ற ஒரே பெயரால் இக்கட்டுரையில் குறிக்கிறேன்.

உலகின் தட்பவெப்பநிலை மாறி வருகிறது என்பதை இன்று அறியாதார் இல்லை. அம்மாற்றத்தால் ஏரிகளுக்கு என்ன நேரும்? “ஏரிகள் வற்றிவிடும்” என்பர் சிலர். “வெள்ளம் பெருகும்” என்பர் வேறு சிலர். இவ்விரண்டில் எது உண்மை? இரண்டும் உண்மை என்பதே விடை. அதுவும் ஒரே ஏரியில், ஒரே ஆண்டில், சில சமயம் ஒரே மாதத்தில்! இது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், ஏரிகளை நம்பியும் ஏரிகளுக்கு அஞ்சியும் வாழும் மக்களுக்கு இதனால் விளைவது யாது என்பதையும் நான் பிறந்து வளர்ந்த போபோடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

போபோடி இருக்கும் இடம்

புனேயின் வடமேற்கு ஓரத்தில், கட்கிக்குப் பக்கத்தில், முளா ஆற்றின் தென்கரையில் உள்ளது போபோடி. பழைய பம்பாய்ச் சாலையும் இருப்புப்பாதையும் இவ்வூரைக் கடந்தே செல்கின்றன. ஆற்றுக்கு அப்பால் தாபோடி. இரண்டையும் இணைப்பது ஹாரிஸ் பாலம். அப்பாலத்துக்குச் சற்று மேற்கே, சாங்க்விக்கும் தாபோடிக்கும் இடையில், பவனா ஆறு வந்து முளாவில் கலக்கிறது. எனவே போபோடியைத் தொட்டு ஓடுவது ஓர் ஆற்றின் நீர் அன்று. இரண்டு ஆறுகளின் நீர். கட்கியின் படைக்கலத் தொழிற்சாலை வேலைக்கென்று வட ஆர்க்காட்டிலிருந்து வந்த என் தாத்தா இங்கே குடியேறினார். எங்கள் வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் பேசி வளர்ந்தோம்.

இவ்வூருக்கு ஒரு விந்தையான நிலை உண்டு. நாங்கள் குடிக்கும் நீர் முளாவிலிருந்து வருவதன்று. புனே மாநகராட்சியின் குழாய்கள் கடக்வாஸ்லா ஏரியிலிருந்து நீரைக் கொண்டு வருகின்றன. அது முட்டா ஆற்றின் மேல் உள்ளது. எங்கள் வாசலுக்கு வெள்ளத்தைக் கொண்டு வருவனவோ வேறு இரண்டு ஏரிகள். ஒன்று முளாவின் மேல் உள்ள முள்ஷி; மற்றொன்று பவனா. பவனா ஏரியின் நீரைக் குடிப்பது பக்கத்து நகரமான பிம்ப்ரி-சிஞ்ச்வட். முள்ஷியின் கதை இன்னும் வேறு. 1920களில் டாட்டா நிறுவனம் மின்சாரத்துக்காகக் கட்டிய ஏரி அது. அதன் நீரின் பெரும்பகுதி மேற்கே மலையிலிருந்து இறங்கி, பிரா மின்நிலையத்தில் பொறிகளைச் சுழற்றிவிட்டு, கொங்கணத்தின் வழியே அரபிக்கடலை அடைகிறது. நல்ல நாளில் மேற்கே போகும் அந்த ஏரியின் நீர், தாங்கமாட்டாத பெருமழை நாளில் மதகு திறந்து கிழக்கே எங்களை நோக்கி வருகிறது.

ஆகவே ஓர் ஏரி வற்றினால் எங்கள் குழாய் வற்றும். வேறு இரண்டு ஏரிகள் நிரம்பி வழிந்தால் எங்கள் வீடு நனையும். மூன்று ஏரிகளும் ஒரே மலைத்தொடரின் மழையை நம்பி இருக்கின்றன. அம்மழையின் போக்கு மாறினால் எங்கள் வாழ்வின் போக்கும் மாறுகிறது.

ஏரியின் நாட்காட்டி

ஏரிகளைப் பற்றிப் பேசும்போது ‘டி.எம்.சி.’ என்ற சொல் அடிக்கடி வரும். அது ஆயிரம் மில்லியன் கன அடி. ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். முட்டா ஆற்றுத் தொகுதியில் நான்கு ஏரிகள் இருக்கின்றன. வரஸ்காவ் 12.82 டி.எம்.சி., பான்ஷேத் 10.65, டேம்கர் 3.71, கடக்வாஸ்லா 1.97. நான்கும் சேர்ந்து 29.15 டி.எம்.சி. மேலே உள்ள மூன்றும் களஞ்சியங்கள் என்றால், கீழே உள்ள கடக்வாஸ்லா ஒரு மரக்கால். மேலேயுள்ள நீரெல்லாம் அச்சிறிய ஏரியின் வழியாகவே நகரத்துக்கு வந்தாக வேண்டும்.

இவ்வேரிகளுக்கு ஒரு நாட்காட்டி உண்டு. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில் மலை நனைந்து ஏரிகள் நிரம்பும். செப்டம்பரோடு மழை விடைபெறும். அக்டோபர் நடுவில் கையிருப்பைக் கணக்கிட்டு, நகரத்துக்கு இவ்வளவு, வாய்க்கால் பாசனத்துக்கு இவ்வளவு என்று பங்கிடுவர். அந்தப் பங்கு அடுத்த ஜூலை வரை நீடிக்க வேண்டும். நான்கு மாத வரவு, பன்னிரண்டு மாதச் செலவு: இதுதான் கணக்கு.

நம் நாட்டு ஏரிகளிலும் இதே கணக்கு உண்டல்லவா? எந்த வாரத்தில் மதகைத் திறப்பது, எப்போது அடைப்பது, கலிங்கில் எத்தனை பலகை வைப்பது என்பதை நீர்க்கட்டி அறிவார். அவருடைய அறிவு பல தலைமுறைகளின் பட்டறிவு. கடந்த ஆண்டுகளைப் போலவே வரும் ஆண்டும் இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நின்ற அறிவு அது. இன்றைய அணைப் பொறியாளரின் கையிலுள்ள அட்டவணையும் அத்தகையதே. எந்தத் தேதியில் ஏரி எந்த மட்டம் வரை நிரம்பியிருக்கலாம் என்று அது கூறும். பழைய மழைக் கணக்குகளை வைத்தே அதனை வகுத்தார்கள். இப்போது ஆட்டம் கண்டிருப்பது அந்த நம்பிக்கைதான்.

பருவம் ஏன் மாறுகிறது?

இதன் காரணம் மறைபொருளன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் காற்றில் கரியமில வாயு கூடி வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் அது ஏறத்தாழ 280 பங்கு இருந்தது. 2024-ஆம் ஆண்டில் 420-ஐத் தாண்டியிருந்தது. இவ்வாயு பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. உலக வானிலை நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-இல் உலகின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஏறத்தாழ 1.55 பாகை செல்சியஸ் அதிகம்.

ஒன்றரைப் பாகைதானே என்று எண்ணிவிடக்கூடாது. காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுகிறது. இதனால் நேர்வது இரண்டு. ஒன்று, நீராவி நிறைந்து கனக்கும்வரை காற்று மழையைத் தராமல் சுமந்து திரிய முடிகிறது. மழையற்ற இடைவெளிகள் நீள்கின்றன. மற்றொன்று, பெய்யத் தொடங்கிவிட்டால் சேர்த்து வைத்த அனைத்தையும் ஒருங்கே கொட்டிவிடுகிறது. சிறிய குடத்தை அடிக்கடி கவிழ்த்தவன் பெரிய அண்டாவை எப்போதாவது கவிழ்ப்பது போன்றது இது.

இதை நமக்குக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். புனேயின் பாஷாண் பகுதியில், 1962-இல் தோன்றிய இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உள்ளது. அதன் அறிஞர் ராக்ஸி மேத்யூ கோல் முதலியோர் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, 1950 முதல் 2015 வரை நடு இந்தியாவில் பரவலான மிகுமழை நிகழ்ச்சிகள் மும்மடங்காயின என்று கூறுகிறது. அரபிக்கடலிலிருந்து வீசும் மேலைக்காற்றின் ஏற்ற இறக்கம் மிகுந்து, ஈரம் திடீர் திடீரென்று உள்நாட்டுக்குள் பாய்வதே காரணம் என்பது அவர்கள் முடிவு. அதற்கு முன்பே, 2006-இல், பி. என். கோஸ்வாமி முதலியோர் ஒரு நுட்பமான உண்மையை எடுத்துக்காட்டினர். நடு இந்தியாவில் பருவமழையின் மொத்த அளவு பெரிதும் மாறவில்லை. ஆனால் கனமழை கூடியது, மிதமான மழை குறைந்தது.

இவ்விரண்டாவது செய்தியைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆண்டின் மொத்த மழையை மட்டும் பார்ப்பவனுக்கு, “மழை வழக்கம்போலவே பெய்திருக்கிறதே, பிறகு என்ன குறை?” என்று தோன்றும். குறை மொத்தத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்குபவனுக்கு ஓராண்டுச் சம்பளத்தை ஒரே நாளில் கொடுத்து, “இதைப் பத்திரமாக வைத்துக்கொள், உன் பெட்டி சிறியதாயிருந்தால் மிஞ்சியதைத் தெருவில் எறிந்துவிடு” என்றால் அவன் கதி என்னவாகும்? ஏரியின் கதி இன்று அதுதான்.

வெப்பம் ஏரிக்குள் செய்வது

மழையின் மாற்றம் ஒருபுறம் இருக்க, வெப்பம் நேராகவே ஏரியைத் தாக்குகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆவியானால் போவது 10 லட்சம் லிட்டர். ஒரு கோடைநாளில் 5 மில்லிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 50 லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில், அது 37,000 பேர் ஒருநாள் வாழப் போதுமான நீர். ஒரு சதுர கிலோமீட்டரில் மட்டுமே இவ்வளவு! வெயில் ஏற ஏற இந்தக் கண்காணா மதகு அகலத் திறக்கிறது. இதற்குப் பலகை வைக்க எந்த நீர்க்கட்டியாலும் ஆகாது.

அடுத்தது நீரின் தன்மை. சூடான நீர் இலேசானது. குளிர்ந்த நீர் கனமானது. எனவே வெயில் நாளில் சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் அடியிலுமாக ஏரி இரண்டு அடுக்காகப் பிரிகிறது. காற்றும் குளிரும் வந்து கலக்கும்போது மேலுள்ள பிராணவாயு அடிக்குச் செல்லும். அடியிலுள்ள உரச்சத்து மேலே வரும். மேலடுக்கு மிகவும் சூடேறிவிட்டால் இக்கலப்பு தடைப்படுகிறது. அடியில் மீன்கள் மூச்சுத் திணறுகின்றன. மேலே பாசி படர்கிறது. உலகெங்கும் 235 ஏரிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1985-க்கும் 2009-க்கும் இடையில் ஏரிகளின் மேற்பரப்பு பத்தாண்டுக்குச் சராசரி 0.34 பாகை சூடேறியது. ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் இக்கலப்புக் குறைந்து உயிர் வளம் குன்றியதை 2003-லேயே ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வேரியின் சிறு மீன்களே நான்கு நாட்டுக் கரைகளில் வாழும் மக்களின் உணவும் பிழைப்பும் ஆகும்.

நாங்கள் இதை வேறொரு வடிவில் காண்கிறோம். மழைக்காலம் முடிந்து முளாவின் ஓட்டம் தளர்ந்ததும், கழிவுநீரின் சத்தையும் வெயிலின் சூட்டையும் உண்டு ஆகாயத்தாமரை ஆற்றை மூடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளி போல் அழகாயிருக்கும். கிட்டப் போனால் நாற்றம், மாலையானால் கொசு. பாஷாண் ஏரிக்கும் இதே துன்பம் உண்டு. கழிவுநீரைக் கலந்தது வானிலை அன்று, மனிதர்களே. ஆனால் மனிதர் செய்த பிழையை வெப்பம் பன்மடங்காக்குகிறது.

வற்றலும் வெள்ளமும்

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மழையின்றிக் கழிந்தது. ஜூலைத் தொடக்கத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் குழாயில் நீர் என்று மாநகராட்சி அறிவித்தது. வீடுதோறும் அண்டா, குடம், வாளி, பால் பாத்திரம் எல்லாம் நிறைந்து வரிசையாக நின்றன. பின்னர் மலையில் மழை பிடித்துக்கொண்டது. அதே மாதம் நடுவில் கடக்வாஸ்லா நிரம்பி, உபரி நீர் ஆற்றில் திறந்துவிடப்பட்டது. பஞ்சத்துக்கும் பெருக்குக்கும் இடையில் இரண்டு வாரம்கூட இல்லை.

2023-இல் ஆகஸ்டு மாதமே காய்ந்தது. 1901-க்குப் பின் இந்தியா கண்ட ஆகஸ்டுகளில் மழை மிகக் குறைந்தது அதுவே. அடுத்த ஆண்டு, 2024 ஜூலை 24, 25 தேதிகளில், மலைமேல் தாம்ஹிணியில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. புனே நகரம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான் என்பதை நினைவில் கொள்க. கடக்வாஸ்லாவிலிருந்து விநாடிக்கு 35,000 கன அடிக்கு மேல் நீர் வெளியேற்றப்பட்டது. சிங்ககட் சாலைப் பகுதியில் விடியுமுன் வீடுகளில் நீர் புகுந்தது. முளாவும் பெருகிப் போபோடியின் தாழ்ந்த கரையோரங்களில் ஏறியது. 2019 ஆகஸ்டு முதல் வாரத்திலும் இவ்வாறே முளா, பவனா இரண்டும் சேர்ந்து சாங்க்வி, தாபோடி, போபோடிக் கரைகளை மூழ்கடித்தன.

இந்த இடத்தில் ஓர் எளிய கணக்கு உதவும். விநாடிக்கு 35,000 கன அடி என்பது ஒருநாளில் மூன்று டி.எம்.சி. ஆகும். கடக்வாஸ்லாவின் கொள்ளளவோ 1.97. அந்த ஏரி முற்றிலும் வெறுமையாக இருந்தாலுங்கூட, அத்தகைய வரத்து அதனைப் பதினாறு மணி நேரத்திற்குள் நிரப்பிவிடும். பிறகு வருவது வந்தபடியே வெளியேற வேண்டியதுதான்.

இனிப் பொறியாளரின் இக்கட்டைப் பாருங்கள். ஜூலை இறுதியில் ஏரியை நிரப்பி வைத்தால், ஆகஸ்டில் பெருமழை வரும்போது தாங்க இடமிராது. கரையோர மக்கள் மூழ்குவர். இடம் விட்டு வைத்தால், 2023 போல ஆகஸ்டு காய்ந்துவிட்டால் நகரமும் வயலும் தாகத்தால் வாடும். முன்பெல்லாம் பருவத்தின் ஒழுங்கு அவருக்குத் துணை நின்றது. இன்று எந்தப் பக்கம் பிழைத்தாலும் யாரோ ஒருவர் வீட்டில் இழப்பு.

நம் தமிழ்நாடும் இப்பாடத்தை நன்கு கற்றிருக்கிறது. 2015 டிசம்பர் முதல் நாளில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேறியது. வழியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரியும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு தரை வெடித்தன. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரைச் சுமந்துகொண்டு முதல் இரயில் சென்னை வில்லிவாக்கத்தை அடைந்தது.

புனேக்கும் ஜூலை 12 மறக்க முடியாத நாள். 1961-இல் அதே நாளில், கட்டி முடிக்கப்படாதிருந்த பான்ஷேத் அணை உடைந்தது. அந்நீரைத் தாங்காமல் கீழிருந்த கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. நகரின் பெரும்பகுதி மூழ்கியது. வெள்ளம் வடிந்த பிறகு குடிநீர் ஏரியே இல்லாமற்போய் ஊர் தாகத்தால் தவித்தது. அது கட்டுமானத்தால் வந்த கேடு. வானிலை மாற்றத்தின் மேல் அப்பழியைச் சுமத்தலாகாது. ஆனால் வெள்ளமும் தாகமும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வாசலில் வந்து நிற்கும் என்பதை இந்நகரம் அன்றே கண்டது.

ஏரியும் ஏரியைச் சார்ந்தோரும்

ஏரியின் நீர் நகரத்துக்கு மட்டும் உரியதன்று. கடக்வாஸ்லாவிலிருந்து புறப்படும் புதிய முட்டா வலக்கரை வாய்க்கால் 202 கிலோமீட்டர் ஓடி, தௌண்ட், இந்தாபூர் வட்டங்களின் வயல்களை நனைக்கிறது. மழை தவறும் ஆண்டில் புனேயின் குழாயும் இந்தாபூரின் கரும்பும் ஒரே நீரைக் கேட்கும். இரண்டும் நியாயமான தாகமே. பவனா நீரை மூடிய குழாய் வழியே பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்குக் கொண்டு செல்லும் திட்டத்தை எதிர்த்து மாவள் வட்ட உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, 2011 ஆகஸ்டு 9-ஆம் நாள் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிரிழந்தனர். முள்ஷியிலோ, அணைக்கு நிலம் இழந்த உழவர்கள் 1921-லேயே சேனாபதி பாபட் போன்றோர் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்தனர். பருவம் ஒழுங்காயிருந்த காலத்திலேயே இத்தனை பூசல் என்றால், பருவம் தவறும் காலத்தில் பங்கீடு எத்துணைக் கடினமாகும்!

2023-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, உலகின் பெரிய ஏரிகளும் நீர்த்தேக்கங்களுமாக 1,972-ஐச் செயற்கைக்கோள் வழியே அளந்து, 1992 முதல் 2020 வரை அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை நீர் இழந்தன என்று கண்டது. இயற்கை ஏரிகளில் வெப்பமும் மனிதரின் நுகர்ச்சியும் பெருங்காரணங்கள். அணை ஏரிகளில் வண்டல் படிவதே முதற்காரணம். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், வற்றிவரும் ஏரி ஒன்றின் வடிநிலத்தில் வாழ்கின்றனர்.

இத்தனை பெரிய கணக்குகளுக்கு நடுவே, எங்கள் ஆற்றோர வரிசையில் குடியிருக்கும் தமிழ் அக்கா ஒருவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. வீட்டு வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். “முள்ஷியில் இருபதாயிரம் திறந்தாச்சுன்னு ஃபோன்ல மராட்டியில வந்துச்சாம் தம்பி. பையன் படிச்சுச் சொன்னான். இருபதாயிரம்னா என் வாசப்படி வரைக்குமா, பரண் வரைக்குமா? அதச் சொல்ல ஆளில்லையே!” என்றார். எனக்கும் விடை தெரியவில்லை. அந்த வரிசையின் சுவர்களில் பழைய வெள்ளங்களின் கறைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. எந்தக் கோடு எத்தனை கன அடிக்கு உரியது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அணையில் எண் இருக்கிறது; சுவரில் கோடு இருக்கிறது; இரண்டையும் இணைக்கும் அறிவு இல்லை.

அவர் ஏன் அங்கே குடியிருக்கிறார் என்று கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் ஆற்றோரங்களுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. 25 ஆண்டுக்கொரு முறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லை நீலக்கோடு. 100 ஆண்டுக்கொரு முறை வரக்கூடியதன் எல்லை சிவப்புக்கோடு. “இருபத்தைந்து ஆண்டுக்கு ஒரு முறைதானே” என்பது மயக்கமூட்டும் சொல். ஆண்டுதோறும் நூற்றுக்கு நான்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டு அங்கே வாழ்பவர் அவ்வெள்ளத்தை ஒரு முறையேனும் காணும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபது. மழையின் இயல்பு மாறிவிட்டால் அந்த எண்ணும் மாறிவிடும். கோடுகளையே திரும்ப வரைய வேண்டும். இதையெல்லாம் அறிந்து அவர் அங்கே குடியேறவில்லை. வேலைக்கு அருகில், வாடகை குறைவாக வேறு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

செய்யத்தக்கவை

ஒவ்வொரு வெள்ளத்தையும் வானிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. ஆற்றங்கரையில் மண் கொட்டி மேடாக்கியதும், ஓடைகளைக் குறுக்கியதும் நம் நகரங்களே. 2019 செப்டம்பர் 25-ஆம் நாள் இரவு, காத்ரஜ் பக்கத்திலிருந்து வரும் ஆம்பில் ஓடையில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து புனேயில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். மழை மிகுந்தது உண்மை. ஓடைக்கு வழி குறைந்ததும் உண்மை. மழையை நாம் நாளையே திருத்த முடியாது. வழியைத் திருத்த முடியும்.

கரியமில வாயுவைக் குறைப்பது உலகம் கூடிச் செய்ய வேண்டிய பணி. அது நடக்கும் வரையில் செய்யத்தக்கவை பல. ஏரியின் மட்ட அட்டவணைகளைப் புதிய மழைக் கணக்கைக் கொண்டு திருத்த வேண்டும். வானிலை முன்னறிவிப்பைக் கேட்டு, பெருமழைக்கு முன்பே பகலில் சிறிது சிறிதாக நீரை வெளியேற்றினால், நள்ளிரவில் ஒருங்கே திறக்கும் நிலை குறையும். 2021-இல் இயற்றப்பட்ட அணைப் பாதுகாப்புச் சட்டமும் நீர்வரத்தை முன்கூட்டிக் கணிக்கவும், கீழ்ப்பகுதி மக்களை எச்சரிக்கவும் ஏற்பாடு வேண்டும் என்கிறது. வண்டலை அள்ளினால் ஏரியின் வயிறு பெரிதாகும். வயலின் வளமும் பெருகும். மகாராஷ்டிர அரசு 2017-இல் இதற்கென ஒரு திட்டம் வகுத்தது. நம் தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு குடிமராமத்துப் பணி புத்துயிர் பெற்று, உழவர்கள் ஏரி வண்டலைத் தம் வயலுக்கு எடுத்துச் சென்றனர். இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கலாம்.

இவையெல்லாம் அரசின் வேலை என்றால், மாணவராகிய நமக்கு வேலை இல்லையா? உண்டு. அந்த அக்காவின் கேள்விக்கு விடை காண்பது நம்மால் இயலும். மழைக்காலத்தில் முள்ஷியும் பவனாவும் எவ்வளவு நீர் திறக்கின்றன என்பது நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. அந்த எண்ணையும், போபோடிக் கரையில் நீர் ஏறிய மட்டத்தையும், எத்தனை மணி நேரம் கழித்து ஏறியது என்பதையும் பக்கம் பக்கமாகக் குறித்து வந்தால், இரண்டு மூன்று மழைக்காலங்களில் ஒரு நல்ல கணக்கு நம் கையில் இருக்கும். நீர் பொறியியல் படிக்கும் நண்பர்கள் அதைச் சரிபார்க்கலாம். மின்கம்பத்திலோ சுவரிலோ அளவுகோல் வரைந்து, “இத்தனை ஆயிரம் கன அடி என்றால் இந்தக் கோடு” என்று மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் எழுதி வைக்கலாம். நம் ஆள்கள் மட்டும் தப்பினால் போதாது. அதே வரிசையில் மராத்தியரும், கன்னடியரும், தெலுங்கரும் வாழ்கின்றனர். எல்லாருக்கும் ஒரே வெள்ளந்தான்.

அடுத்த ஜூன் முதல் வாரத்தில் இப்பணியைத் தொடங்க நம் மன்றத்தில் ஒரு சிறு குழு அமைக்கலாம் என்பது என் விண்ணப்பம். வேண்டியவை ஒரு குறிப்பேடு, ஓர் அளவுநாடா, மழையில் நனைய அஞ்சாத நான்கைந்து பேர். ஏரிகளின் பழைய நாட்காட்டி கிழிந்துவிட்டது. புதியதை எழுதி முடிக்கும் வரையில், கரையோரத்தில் உறங்குவோர் நல்ல நேரத்தில் விழித்துக்கொள்ளவாவது நாம் துணை நிற்போம்.